காற்றுப் புகாத டப்பாவில் மாமனார் கத்தி

தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வீட்டில் அறுபத்தொரு சவரக் கத்திகள் இருந்தன. அவருடைய தாடையைப் பார்த்தால், அந்த வீட்டில் ஒரு கத்திகூட இல்லையென்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஏனென்றால் அவர் மழித்துக்கொள்வது பெட்டிக்கடையில் கொத்தாகத் தொங்கும் பிளாஸ்டிக் ரேசரால்தான். அதிலும் மூன்று இடத்தில் கீறிக்கொண்டு, மூன்று காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு, பஞ்சர் பார்த்த சைக்கிள் டியூப் மாதிரி வேலைக்குக் கிளம்புவார்.

சேர்த்து வைத்திருந்தவை பழைய காலத்து மடக்குக் கத்திகள். ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு. அது மடங்கிப் படுத்துக்கொள்ள, இரண்டு பட்டைகள் சேர்ந்த ஒரு பிடி. இரண்டையும் கோக்க ஒரு சின்னப் பித்தளை ஆணி. அவ்வளவுதான் சாமான். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முடிப்பதற்குள் கேட்கிறவருக்குத் தாடி முளைத்துவிடும்.

பழைய சாமான் தேடுகிறவர்கள் சந்தை சந்தையாக அலைவார்கள். இவருக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. எல்லார் வீட்டுப் பின்கட்டுக்குள்ளும் நுழைகிற உத்தியோகம். மீட்டர் மூடியைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, நிமிர்ந்து, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, "வீட்ல பழைய கத்தி ஏதாச்சும் இருக்குங்களா?" என்பார். கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஒரு அம்மாள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "உங்க ஆளு மீட்டர் பாக்க வர்றாரா, கழுத்தறுக்க வர்றாரா?" என்று கேட்டதும் உண்டு. மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். மறு மாதத்திலிருந்து இவர் 'சவரக் கத்தி' என்று முழுசாகக் கேட்க ஆரம்பித்தார்.

அறுபது கத்திகள் இப்படி வந்தவை. அறுபத்தொன்றாவது மாமனாருடையது.

மாமனார் சவரத் தொழிலாளி. நாற்பது வருடம் ஒரே கத்தி. அதன் பிடி தேன் நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் தெரியும். மோதிர விரல் சாய்கிற இடத்தில் உராய்ந்து உராய்ந்து ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. மாமனார் போன பிறகு, நியாயமாக அந்தக் கத்தி மச்சானுக்குப் போயிருக்க வேண்டும். மச்சானுக்கும் அதே தொழில்தான். ஆனால் அவன் அப்போது யாரோ ஒருவருடைய சலூனில் சம்பளத்துக்கு நின்றான். ஏழு பேருக்கு ஒரே மேசை. காலையில் வைத்த சீப்பு மத்தியானம் எவன் தலையில் இருக்கிறதென்று தெரியாத இடம்.

"நான் சொந்தக் கடை வைக்கிற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா," என்றான். "உலகத்துலயே கத்தியைக் கொழந்த மாதிரி பாத்துக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவன் அக்காவும் தலையாட்டினாள். பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் புருஷனை நம்பி ஒப்படைத்த முதல் சாமான் அதுதான். அடுப்பில் இருக்கிற பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கே பத்து முறை யோசிக்கிறவள்.

குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டார். என்ன, அந்தக் குழந்தையை மூச்சு மட்டும் விட விடவில்லை.

"இரும்புக்கு எதிரி யாரு? காத்து. காத்த வெளிய தள்ளிட்டோம்னா இரும்புக்குச் சாவே கிடையாது," என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லி, தானே கைதட்டாத குறையாக ஒரு டப்பா வாங்கிவந்தார். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், நாலு பக்கமும் கிளிப். தண்ணீருக்குள் போட்டால்கூட ஒரு சொட்டு உள்ளே போகாது. தெருவில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும், பெட்டிக்குள் கிடக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை இவர் போய் வாங்கிவந்துவிடுவார். அப்படிச் சேர்ந்த நாற்பது பொட்டலத்தை அடியில் பரப்பினார். மாமனார் கத்திக்கு எண்ணெய் தடவி, மெல்லிய தாளில் சுற்றி நடுவில் படுக்க வைத்தார். தன் சேர்க்கையிலேயே ஒசத்தியான பத்தொன்பது கத்திகளை அதைச் சுற்றி வைத்தார், ராஜாவுக்குக் காவல் மாதிரி. மூடி, கிளிப், அதன் மேல் நாலு சுற்று டேப். பீரோ உச்சியில் ஏற்றினார்.

மூன்று வருடம் திறக்கவே இல்லை. திறந்தால் காற்று உள்ளே போய்விடுமாம்.

அவருடைய மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். எப்போதாவது மிஷினை நிறுத்திவிட்டு, "எங்கப்பா கத்திய ஒரு தடவ காட்டுங்களேன்," என்பாள்.

"அது காட்டறதுக்கில்ல. காப்பாத்தறதுக்கு," என்பார். வங்கி மேனேஜர்கூட அந்தக் கம்பீரத்தில் பேச மாட்டார்.

மூன்றாம் வருடம் மச்சான் சொந்தமாகக் கடை பிடித்தான். ஒரே ஒரு நாற்காலி, ஆள் உயரக் கண்ணாடி, சுவரில் இன்னும் காயாத பெயிண்ட். நேராக அக்கா வீட்டுக்கு ஓடிவந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை தொறக்கறேன் மாமா. மொத சவரம் உங்களுக்குத்தான். அப்பா கத்தியில. அக்கா பக்கத்துல நிக்கணும். வேற யாரையும் கூப்பிடல."

அக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கத்தி உன் கையில இருக்கறதப் பாத்தா எனக்குப் போதும்டா," என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிற ஆளே கிடையாது.

திங்கட்கிழமை அவள் துணி கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மீட்டர்காரர் டப்பாவை இறக்கினார். டேப்பைப் பிரித்தார். கிளிப்பை எடுத்தார். மூடியைத் தூக்கினார்.

உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது பாருங்கள், மூன்று வருடமாக உள்ளே அடைபட்டிருந்த பூதம் கதவு திறந்ததும் மூஞ்சியில் ஏப்பம் விட்டதுபோல! கற்பூரம் பாதி, புளித்த காடி பாதி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. தாளைப் பிரித்தார். தேன் நிறப் பிடி வியர்த்துப் பிசுபிசுத்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. இரும்பின் முதுகில் அம்மைத் தழும்பு போலத் துரு. சுற்றி நின்ற பத்தொன்பது காவல்காரர்களும் முகமெல்லாம் செம்புள்ளியோடு கிடந்தார்கள். பக்கத்தில் இருந்தவனுக்கு அதிகம், தள்ளி இருந்தவனுக்குக் கொஞ்சம் கம்மி.

அவருக்கு முதலில் வந்த சந்தேகம் எண்ணெய் மேல். அப்புறம் செருப்புக்கடைக்காரர்கள் மேல். பொண்டாட்டிதான் திருட்டுத்தனமாகத் திறந்து காற்று விட்டிருப்பாள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தார். உலகத்தில் எல்லார் மேலும் சந்தேகம் வந்தது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள்தான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினார். கண்ணாடிக்காரர் அவருக்குப் பழைய சிநேகிதம். ஃபிரேம் ரிப்பேரில் கை தேர்ந்தவர். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"யோவ், அத உள்ள கொண்டு வராத! வெளிய வை, வெளிய வை!"

"ஏன்யா, பாம்பா?"

"பாம்பு ஒரு ஆளத்தான் கடிக்கும். இது உள்ள வந்தா எங்கடை ஸ்குரு பூரா துருப்பிடிச்சிரும். இந்தப் பிடி செல்லுலாய்டு. பழைய கண்ணாடி ஃபிரேம்கூட இதுலதான் பண்ணுவாங்க. வயசாச்சுன்னா தானா அழுகும். அழுகறப்ப அமிலமா ஆவி விடும். காத்தாட வெச்சிருந்தா அது பாட்டுக்குப் போயிருக்கும். எதுல வெச்சிருந்த?"

"காத்துப் புகாத டப்பாவுல."

"எத்தன நாளு?"

"மூணு வருஷம்."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதாவது, வயித்துல வாயு புடிச்ச ஒருத்தன இருவது பேர் இருக்கற ரூமுல தள்ளி, கதவப் பூட்டி, ஜன்னலுக்கு டேப் ஒட்டிட்டு, மூணு வருஷம் வெளிய காவல் நின்னிருக்க. நீயெல்லாம் நல்லா வருவய்யா."

மீட்டர்காரருக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. உதவாதென்று அவர் கழித்துக்கட்டிய மூன்று கத்திகளை மனைவி தையல் பிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் கிடையாது, தாள் கிடையாது, ஜன்னல் விளிம்பில் வெயிலும் காற்றும் பட்டுக்கொண்டு கிடக்கும். அன்று காலையில்கூட அதில் ஒன்றின் பளபளப்பில் அவள் நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பிடியக் காப்பாத்த முடியாதாய்யா?"

"அழுகின தக்காளிக்குத் தையல் போடுவியா? ஆணியத் தட்டி எடு. பிடியக் கழட்டித் தண்ணியில போட்டு வெளிய வை, நெருப்புப் பக்கம் கொண்டு போயிராத, குப்புன்னு புடிச்சிக்கும். இரும்ப சோடா உப்புத் தண்ணியில கழுவித் தேய். வாய்ப் பக்கம் இன்னும் நல்லாத்தான் இருக்கு. இரும்பு பொழச்சிக்கும். புதுப் பிடி போட்டுக்க." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல சொல்லிடு," என்றார்.

"யாருகிட்ட?"

"உன் பொண்டாட்டிகிட்ட."

"நீ கல்யாணம் ஆன ஆளுதானா?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டு, ஃபிரேம் செய்கிற தகட்டில் தேன் நிறமாக மூன்று நான்கு துண்டுகள் வெட்டிக் கொடுத்தார். "இது வேற சரக்கு. பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா அழுகாது. பொய்யி சொல்றதுன்னா அத மட்டும் நீயே பாத்துக்க."

அந்த வாரம் மீட்டர்காரர் குளியலறையில்தான் குடியிருந்தார். தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அரம் போட்டார். ஊருக்கெல்லாம் தண்ணீர்க் கணக்கு எழுதுகிறவர் வீட்டு மீட்டர் காற்றாடி மாதிரி சுற்றியது. வெளியே மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, வயித்துல என்ன கோளாறு? மூணு நாளா உள்ளயே இருக்கீங்க?"

"கொஞ்சம் சரியில்ல."

"உள்ள என்ன கரகரன்னு சத்தம்?"

"வயிறுதான்."

"அந்த வயித்துக்கு எண்ணெய் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய பிடி கழற்றும்போதே பதினொரு துண்டாக நொறுங்கியது. அதைத் தண்ணீர் டப்பாவில் போட்டுக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். புதுப் பிடியில் முதல் ஜோடி வளைந்துபோனது. இரண்டாவது ஜோடி சரியாக வந்தது. மாமனாரே எழுந்து வந்தாலும் தன்னுடையதென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார், அப்படி வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவர் மீட்டர்காரர் இல்லை.

பள்ளம் எங்கே? நாற்பது வருடம் விரல் உராய்ந்த பள்ளம் இல்லாவிட்டால் அக்காளும் தம்பியும் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? கத்தியைச் சவரம் செய்வதுபோலப் பிடித்துப் பார்த்தார். மோதிர விரல் சாய்ந்த இடத்தில் குறி வைத்தார். சன்ன அரம், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் துணி. மாமனாருக்கு நாற்பது வருடம் பிடித்த வேலையை நாற்பது நிமிடத்தில் முடித்தார். தன் திறமையை நினைத்துத் தானே கொஞ்சம் கண் கலங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கடையில் இருந்தார்கள். மச்சான் கத்தியை இரண்டு கையாலும் வாங்கினான். விரித்தான்.

"முதுகுல என்ன மாமா தழும்பு?"

"வயசான கத்தி இல்லையா. பெரியவங்களுக்கு அப்படித்தான் புள்ளி புள்ளியா வரும்."

அக்கா பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பள்ளத்தில் விரலை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீட்டர்காரர் சுவரில் பெயிண்ட் அடித்திருக்கும் நேர்த்தியை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தார்.

மீட்டர்காரரை நாற்காலியில் சாய்த்தார்கள். நுரை ஏறியது. மச்சான் தோல்பட்டையில் கத்தியை முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டினான். மீட்டர்காரர் வழக்கம்போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வலது கன்னத்தில் சர்ரென்று வெண்ணெய் வழிப்பதுபோல இறங்கியது. காதிலிருந்து மோவாய் வரை பாதி முகம் சுத்தம். கத்தி தொண்டைக்கு வந்தது. வந்து, நின்றது.

"மாமா."

"ம்."

"இந்தப் பக்கம் என்ன மாமா பள்ளம்?"

"அப்பா வெரல் பட்ட பள்ளம் மச்சான்."

"என் வெரலு அதுல உக்கார மாட்டேங்குதே."

"உனக்கு வெரலு சின்னது."

"அப்பா எந்தக் கையில சவரம் பண்ணுவாரு மாமா?"

மீட்டர்காரருக்குக் கத்தியின் எடை தெரியும், அகலம் தெரியும், எந்த இரும்பு எந்தக் கல்லில் தீட்டினால் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து பதினேழு வருடம் வாரா வாரம் மாமனார் கையால்தான் சவரம். பதினேழு வருடமும், கத்தி முகத்துக்கு வந்த நொடியில், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டவர், எல்லாம் முடிந்து துண்டை உதறும்போதுதான் திறந்திருக்கிறார்.

"வலது..." என்று ஆரம்பித்தார்.

"பாத்துச் சொல்லுங்க மாமா. கத்தி தொண்டையில இருக்கு."

"எங்கப்பா எடக்கைங்க," என்றாள் மனைவி. குரல் ரொம்ப மெதுவாக வந்தது. அவள் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து.

மீட்டர்காரர் கண்ணைத் திறந்தார். மச்சான் இடது கையில்தான் கத்தியைப் பிடித்திருந்தான். பள்ளம் அவன் விரலுக்கு எதிர்ப்பக்கம், ஆளில்லாத வீடு மாதிரி சும்மா இருந்தது.

நுரையோடு எல்லாவற்றையும் கக்கினார். டப்பா, டேப், ஆவி, பதினொரு துண்டு, குளியலறை, அரம். வயிற்றுக் கோளாறு பொய் என்பதையும் சேர்த்தே சொன்னார், அதை யாரும் கேட்காவிட்டாலும்.

"பழைய பிடி எங்க?" என்றாள் மனைவி.

"குப்பை வண்டியில..."

அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒடஞ்சுதுன்னா ஒடஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு நாள் அழுவேன், நாலு நாள் திட்டுவேன். அப்புறம் சோறு போட மாட்டேனா? எங்கப்பா வெரல எதுக்குங்க நீங்க செஞ்சீங்க? நான் அதத் தொட்டுப் பாத்து அழுதேன். உங்க வெரலத் தொட்டா அழுதேன் நானு?"

எவ்வளவு பெரிய வாய்க்காரர்! தலையைக் குனிந்துகொண்டார். தொப்பென்று ஒரு துளி நுரை சட்டையில் விழுந்தது.

மச்சான் கத்தியைத் துடைத்தான். மடக்கினான். மீட்டர்காரர் சட்டைப் பையில் வைத்தான்.

"இரும்பு அப்பாவோடதுதான். கன்னத்துல எறங்கினப்பவே தெரிஞ்சுது. அதுக்கு இந்தப் பிடி வேணாம் மாமா. வேற பண்ணிட்டு வாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணும் இருக்கக் கூடாது. மீதிப் பாதிய அன்னிக்கு எடுக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்படியே இருங்க."

"வேற கத்தியில கொஞ்சம்..."

"மொத சவரம் அப்பா கத்தியில. ஆரம்பிச்சாச்சு. பாதியில கத்திய மாத்த மாட்டேன்."

வீட்டுக்குப் போனதும் மனைவி முதல் வேலையாகப் பிளாஸ்டிக் ரேசர் கொத்தை எடுத்துத் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினாள். இரண்டாவது வேலையாக அறுபது கத்திகளையும் தாளிலிருந்து உரித்து, வீட்டில் இருந்த அத்தனை ஜன்னல் விளிம்பிலும் வரிசையாக அடுக்கினாள். பிடி வியர்த்திருந்த இரண்டை மட்டும் வாசலுக்கு வெளியே தள்ளினாள். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள்.

மீட்டர்காரர் மூன்று நாள் பாதி முகத்தோடு வேலைக்குப் போனார். வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் காணாமல் போனவர். ஒரு வீட்டில், "சவரம் பண்றப்ப கரண்டு போயிருச்சுங்களா?" என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒன்றும் கேட்காமல் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுதான் அதிகம் வலித்தது. அந்த மூன்று நாளும் எந்த வீட்டிலும் அவர் கத்தி கேட்கவில்லை.

சாயங்காலங்களில் கூடத்திலேயே உட்கார்ந்து அரம் போட்டார். எதிரே மனைவி துணி தைத்துக்கொண்டே ஒரு கண்ணை அவர் கை மேல் வைத்திருந்தாள். அரம் ஒரு இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போனால் மிஷின் நின்றுவிடும்.

"என்ன அது, அங்கயே தேய்க்கறீங்க?"

"மேடு இருக்கு."

"மேடு இருந்தா இருக்கட்டும். பள்ளம் வந்துச்சு, தெரியும் சேதி."

முதல் நாள் சாப்பாட்டுத் தட்டை டொக்கென்று வைத்தாள். மூன்றாம் நாள் வைத்த சத்தம் கேட்கவில்லை. அதை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். உப்பே போடவில்லை என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மறுபடி மூன்று பேரும் கடையில் நின்றார்கள். மச்சான் புதுப் பிடியை இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது. அக்காவிடம் நீட்டினான். அவளும் தடவினாள். தலையாட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"பள்ளம் இல்லாம பிடிக்கத் தோது வருமா மச்சான்?" என்று கேட்டார் மீட்டர்காரர், ரொம்பச் சின்னக் குரலில்.

"நானே போட்டுக்கறேன்."

"எவ்வளவு நாளு ஆகும்?"

"அப்பாவுக்கு நாப்பது வருஷம் ஆச்சு," என்று சொல்லி மச்சான் நாற்காலியைச் சாய்த்தான்.

நுரை ஏறியது. தோல்பட்டையில் கத்தி நாலு தடவை போய் வந்தது. மீட்டர்காரர் கண் தானாக மூடப் போனது.

"தெறங்க," என்றாள் மனைவி. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "தெறந்து வெச்சுப் பாருங்க. எந்தக் கைன்னு கேப்பேன்."

விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு கத்தி நேராகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனாலும் இமையைக் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தார். நாலு நாள் தாடி மேல் கத்தி இறங்கியது.

"எடது," என்றார் நுரைக்குள்ளிருந்து.

"பேசாதீங்க மாமா," என்றான் மச்சான், "உதடு போயிரும்."